20 வருட ரெட் ஒயின்: கரிநாளில் திறப்பதா, மே வரை வைப்பதா, எப்படித் திறப்பது?

வேலூரில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில், வெண்டைக்காய்க்கும் கொத்தமல்லிக் கட்டுக்கும் பின்னால், 14 வருடமாக ஒரு பாட்டில் படுத்திருந்தது. புருனெல்லோ டி மொண்டால்சீனோ என்ற இத்தாலி ரெட் ஒயின், 2004 அறுவடை. நைனா ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர், 2010இல் இத்தாலியின் பொலோன்யா நகரில் நடந்த லீனியாபெல்லே தோல் கண்காட்சிக்குப் போனபோது அங்கே தோல் வாங்குகிற ஒருவர் மூன்று பாட்டில் கொடுத்து அனுப்பினார். ஆளுக்கு 2 லிட்டர் வரைதான் வரி இல்லாமல் கொண்டுவரலாம் என்பதால் இரண்டு நைனா பெட்டியிலும் ஒன்று கூடப் போனவர் பெட்டியிலும் வந்தன. மூன்றும் ஒரே ஒயின், ஒரே வருடம். ஆனால் மூன்றுக்கும் நடந்தது மூன்று விதம், அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் ஊர்ப் பக்கம் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ரெட் ஒயின் பாட்டில் ஒன்று பல வீடுகளில் பீரோவுக்குள் உட்கார்ந்திருக்கிறது, தோல், ஷூ ஏற்றுமதியில் இருப்பவர்கள் வீட்டில் நிச்சயமாக இருக்கும், அதை என்ன செய்வதென்று தெரியாமல் "பழசு ஆக ஆக நல்லது" என்ற ஒரே நம்பிக்கையில் வைத்திருப்பார்கள்.

அந்த நம்பிக்கை பாதிதான் உண்மை. எல்லா ஒயினும் பழசானால் நன்றாக ஆவதில்லை. கடையில் கிடைக்கும் பெரும்பாலான ஒயின்கள் இரண்டு மூன்று வருடத்துக்குள் குடிக்கவே செய்யப்படுகின்றன. நீண்ட நாள் தாங்குபவை கொஞ்சம்தான்: பிரான்ஸின் போர்தோவில் கேபர்னே சாவிஞோன் திராட்சை அதிகமாகச் சேர்ந்த நல்லவை, இத்தாலியின் பீட்மாண்ட்டில் நெபியோலோ திராட்சையில் செய்யும் பரோலோ, ஸ்பெயினின் ரியோஹாவில் வருடக்கணக்கில் வைத்துப் பிறகு விற்கும் கிரான் ரெசெர்வா, அப்புறம் இந்தப் புருனெல்லோ. இது அதே இத்தாலியின் டஸ்கனியில் மொண்டால்சீனோ என்ற மலை ஊரைச் சுற்றி விளையும் சாஞ்சியோவேஸே திராட்சையில் மட்டுமே செய்வது, வேறு திராட்சை கலக்கக் கூடாது. குறைந்தது 2 வருடம் மரப்பீப்பாயில் இருக்க வேண்டும், அறுவடைக்குப் பிறகு ஐந்தாவது வருட ஜனவரியில்தான் விற்பனைக்கே வரும். அதாவது எங்கள் 2004, கடைக்கு வந்ததே 2009 ஜனவரியில்.

முதல் பாட்டிலை 2012இல் திறந்தோம். பாட்டிலுக்கு 8 வயது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, திறந்து, நேராக ஊற்றி ஒரு வாய் வைத்தேன். கடுக்காயைக் கடித்த மாதிரி வாய் முழுக்க இழுத்துக்கொண்டது. நைனா மட்டும் சிரித்தார், "இதுல பட்டை இருக்குடா" என்றார். அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. அந்தக் காலத்தில் வட ஆற்காட்டில் ஆவாரம் பட்டையிலும் பிறகு வாட்டில் பட்டையிலும் தோலை ஊறவைத்து, கடைசியில் கடுக்காய் கொடுத்துப் பதப்படுத்துவார்கள். பட்டையில் இருக்கும் டானின் தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்கும், அதனால்தான் தோல் அழுகாமல் செருப்பாகிறது. திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் மரப்பீப்பாயிலும் இருக்கும் டானின் அதே வேலையை நம் வாயில் எச்சிலில் உள்ள புரதத்தின் மேல் செய்கிறது. நாம் துவர்ப்பு என்று சொல்வது அதைத்தான். (பாலாற்றுக்கு இந்தத் தொழில் என்ன செய்தது என்பது வேறு கதை, 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வந்த கதை, அதை நினைக்காமல் எங்கள் ஊரில் தோலைப் பற்றி ஒரு வரி எழுத என்னால் முடியவில்லை.)

அன்றைக்குப் பாதி பாட்டிலை அப்படியே மூடி வைத்துவிட்டோம். மறுநாள் இரவு குடித்தால் வேறு ஒயின் போல இருந்தது, துவர்ப்பு தணிந்து பழ வாசனை மேலே வந்திருந்தது. காற்று பட்டதால் வந்த மாற்றம். அதிலிருந்து ஒரு தப்பான பாடம் கற்றுக்கொண்டேன்: நல்ல ரெட் ஒயின் என்றால் நிறையக் காற்று கொடுக்க வேண்டும்.

அந்தப் பாடம் எங்கே இடித்தது என்றால், சில வருடம் கழித்து பெங்களூரில் கூட வேலை செய்யும் நண்பர் வீட்டில். அவரிடம் 1995 ரியோஹா கிரான் ரெசெர்வா ஒன்று இருந்தது. நான்தான் பெரிய விவரம் தெரிந்தவன் போல "டிகாண்டர்ல ஊத்தி மூணு மணி நேரம் வைங்க" என்று சொன்னேன். டிகாண்டர் என்பது ஒயினை மாற்றி ஊற்றிக் காற்றுப் பட வைக்கும் அகலமான கண்ணாடிக் குடுவை. ஊற்றும்போது அறை முழுக்க வந்த வாசனை இன்னும் நினைவில் இருக்கிறது: தேங்காய், வனிலா, காய்ந்த இலை, பழைய மரப்பெட்டி. மூன்று மணி நேரம் கழித்து எல்லோரும் உட்கார்ந்து கிளாஸில் ஊற்றினால் அதில் எதுவும் இல்லை. நிறம் இருக்கிறது, புளிப்பு இருக்கிறது, ஒயின் இல்லை. நண்பர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் தொண்டைக்குள் இறங்கவில்லை.

இரண்டாவது பாட்டிலைக் கொன்றது காற்று இல்லை, வெயில். ஃப்ரிட்ஜில் காய்கறிக்கு இடம் வேண்டும் என்று அம்மா ஆரம்பத்திலேயே ஒன்றைப் பரணில் ஏற்றிவிட்டார். வேலூர்ப் பரண் எப்படி இருக்கும் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் வெளியே 40ஐத் தாண்டும், கோட்டைச் சுவரும் சுற்றியிருக்கும் மலைப்பாறையும் ராத்திரி வரை அனலை விடாது, காங்கிரீட் கூரைக்கு ஓர் அடி கீழே இருக்கும் பரணில் என்ன சூடு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒயினுக்கு வேண்டியது வருடம் முழுக்க 12 முதல் 14 டிகிரி. 2016இல் அதை இறக்கியபோது பார்த்த உடனே தெரிந்திருக்க வேண்டும்: கார்க் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே தள்ளிக்கொண்டிருந்தது, மேலுறைக்குக் கீழே பிசுபிசுப்பு, பாட்டிலின் கழுத்தில் நிற்க வேண்டிய ஒயின் தோள்பட்டைக்கு இறங்கியிருந்தது. திறந்தால் டீ டிகாக்‌ஷன் நிறம். அடுப்பில் வைத்து மறந்துபோன திராட்சைப்பழ வாசனை, அதற்கு அடியில் பழம்புளி. ஒரு மடக்கு கூடக் குடிக்க முடியவில்லை.

ஆக மீதி ஒன்று. அதை எப்போது, எங்கே, எப்படித் திறப்பது என்று கடந்த டிசம்பரில் வீட்டில் பேச்சு வந்தது. நைனாவுக்கு 70 ஆகப் போகிறது. யாரும் ஒரே மாதிரி சொல்லவில்லை.

எப்போது என்பதில் மூன்று வழி இருந்தது. ஜனவரியில் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வரும் கரிநாள் அன்றே திறப்பது. மே மாதம் துபாயிலிருந்து தம்பி குடும்பம் லீவுக்கு வரும்போது திறப்பது. இன்னும் நாலைந்து வருடம் வைத்திருந்து அக்கா மகள் கல்யாணத்துக்கு எடுப்பது. கல்யாணத்துக்கு என்று சொன்னது அக்கா, ஆசையாகத்தான் சொன்னாள். எனக்கும் அந்த ஆசை புரிந்தது. ஆனால் 2004 புருனெல்லோவுக்கு இன்னும் பத்து வருடம் தாங்கும் சக்தி இருந்தாலும், அது டஸ்கனியில் ஒரு பாதாள அறையில் இருக்கும் பாட்டிலுக்குப் பொருந்தும் கணக்கு. எங்கள் பாட்டில் 2012இன் மின்வெட்டைப் பார்த்தது. அந்த வருடம் சென்னையைத் தாண்டினால் ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இருக்காது, ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் உள்ளேயும் வெளியேயும் ஒரே சூடு. குளிர்ந்து, சூடாகி, திரும்பக் குளிர்ந்து என்று எத்தனை முறை ஆகியிருக்கும் தெரியாது. சூடாகும்போது ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், குளிரும்போது சுருங்கி காற்றை உள்ளே இழுக்கும். சாதாரண ஃப்ரிட்ஜுக்குள் ஈரம் குறைவு வேறு, வருடக்கணக்கில் வைத்தால் கார்க் மெல்ல உலரும். இப்படி வளர்ந்த பாட்டிலை மேலும் வைத்திருப்பதில் லாபம் என்று ஒன்றும் இல்லை, இழப்பு மட்டும் ஒவ்வொரு வருடமும் கூடும்.

குளிரில் இருந்ததால் ஒரு நன்மையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 7, 8 டிகிரியில் ஒயின் மெதுவாகத்தான் முதிரும். அதனால் லேபிளில் 20 வயது என்றாலும் உள்ளே இருப்பது கொஞ்சம் இளமையாக இருக்கலாம். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒயின் இன்னும் கழுத்திலேயே நின்றது, கார்க் வாயோடு சமமாக இருந்தது, கசிவு இல்லை. உங்கள் வீட்டில் பாட்டில் இருந்தால் முடிவெடுப்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் பாருங்கள். மட்டம் தோள்பட்டைக்கு வந்துவிட்டது, கார்க் தள்ளியிருக்கிறது என்றால் எந்தக் கல்யாணத்துக்கும் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே திறங்கள், கொஞ்சமாவது மிச்சம் இருக்கலாம்.

மே மாதத்தை நான்தான் மறுத்தேன். தம்பி வருவது சந்தோஷம், ஆனால் மே மாதம் எங்கள் ஹாலில் ஃபேன் போட்டும் 34, 35 இருக்கும். பழைய ரெட் ஒயினை 16 முதல் 18 டிகிரிக்குள் குடிக்க வேண்டும். "ரூம் டெம்பரேச்சர்" என்று லேபிளில் போட்டிருப்பதைப் பார்த்து நம் ஆட்கள் வெளியிலேயே வைத்துக் குடிக்கிறார்கள், அது ஹீட்டர் இல்லாத காலத்து ஐரோப்பிய வீட்டின் அறை, வேலூர் அறை இல்லை. 30 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் மட்டும் மூக்கில் ஏறும், மற்ற வாசனை எல்லாம் அதற்குக் கீழே அமுங்கிவிடும். ஏசி அறைக்குள் நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கலாம்தான். ஆனால் கிளாஸ் மேஜையில் இருக்கிற ஒவ்வொரு பத்து நிமிடமும் சூடோடு சண்டை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஜனவரியில் சாயங்காலம் ஹாலில் 25, 26தான். தம்பியிடம் போனில் சொன்னேன், "நீ குடிச்சா என்ன நான் குடிச்சா என்ன, நைனா நல்லபடியா குடிக்கட்டும்ணா" என்றான். அதோடு நாள் முடிவாயிற்று.

எங்கே என்பதில் ஏலகிரி என்ற பேச்சு வந்தது. வேலூரிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர், ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், ஜனவரி ராத்திரி ஸ்வெட்டர் வேண்டும். குளிருக்கு அதைவிட நல்ல இடம் நம் பக்கம் இல்லை. பிரச்சினை பாதையில் இருக்கிறது. 14 கொண்டை ஊசி வளைவு. பழைய ஒயினில் அடியில் மண்டி இருக்கும். வருடங்கள் போகப் போக டானினும் நிறப்பொருளும் ஒன்றோடு ஒன்று பிணைந்து கனமாகி அடியில் படியும், துவர்ப்பு குறைவதும் நிறம் வெளுப்பதும் அதனால்தான். காரில் குலுக்கிக்கொண்டு போனால் அந்த மண்டி முழுக்கக் கலங்கி, திரும்பப் படிய இரண்டு நாளாவது ஆகும். ஒரே ராத்திரி தங்குவதற்கு ஏலகிரி போய், கலங்கல் ஒயினைக் குடித்துவிட்டு வருவதில் அர்த்தம் இல்லை. உங்களுக்கு அங்கே வீடு இருந்து, ஒரு வாரம் முன்னாலேயே பாட்டிலைக் கொண்டுபோய் நிறுத்தி வைக்க முடிந்தால், என்னைக் கேட்டால் வேலூரைவிட ஏலகிரிதான்.

மொட்டை மாடியும் வேண்டாம் என்று வைத்தோம். காற்று வாசனையை அடித்துக்கொண்டு போய்விடும். ஹால்தான், வெள்ளை விளக்கு, மேஜையில் நைனாவின் துவைத்த வெள்ளை வேட்டி. ஒயின் நிறத்தைப் பார்க்க அதைவிடச் சுத்தமான வெள்ளை வீட்டில் கிடையாது.

இனி எப்படித் திறப்பது. முக்கியமான முடிவு இதுதான், மற்றவை எல்லாம் சரியாக இருந்து இதில் தப்பு செய்தால் பெங்களூர் மாதிரி ஆகிவிடும்.

நாலு வழி இருக்கிறது. முதல் வழி, டிகாண்டரில் ஊற்றி மணிக்கணக்கில் வைப்பது. 8 வயதில் எங்கள் ஒயினுக்கு இது நல்லது செய்திருக்கும், 20 வயதில் செய்யாது என்று பயம். இளம் ஒயினில் டானின் நிறைய, பழ வாசனை நிறைய, காற்று அதில் கொஞ்சம் தின்றாலும் மிச்சம் இருக்கும். பழையதில் இருப்பது மெல்லிய வாசனைகள், பாட்டிலுக்குள் காற்றே இல்லாத இருட்டில் உருவானவை. அவற்றை அகலமான கண்ணாடிக் குடுவையில் பரப்பி வைத்தால் நாம் மூக்கை வைப்பதற்கு முன்னாலேயே அறைக்குள் போய்விடும். ரியோஹா ஊற்றும்போது அறை மணத்தது என்று சொன்னேனே, அறைக்குப் போனது எல்லாம் கிளாஸுக்கு வர வேண்டியது.

இரண்டாவது, ஊற்றுவதற்குச் சற்று முன்னால் மட்டும், மண்டியைப் பிரிப்பதற்காக மட்டும் டிகாண்டரில் மாற்றுவது. போர்தோவின் ஒயின் அறிஞர் எமீல் பெய்னோ இந்தப் பக்கம். மண்டி இருந்தால் மாற்று, அதுவும் கடைசி நிமிடத்தில் மாற்று, காற்றுக்காக என்று மாற்றாதே, காற்று கொடுப்பதென்றால் கிளாஸில் கொடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் நிலை. கிளாஸில் காற்று போதாமல் போனால் சுழற்றலாம், காத்திருக்கலாம். டிகாண்டரில் அதிகமாகிவிட்டால் திரும்ப எடுக்க வழியே இல்லை. எனக்கு இந்தத் தர்க்கம் ரொம்பப் பிடித்திருக்கிறது.

மூன்றாவது வழி பிரான்ஸில் மிகப் பழைய பாட்டில்களைத் திறப்பதற்கே பேர் போன பிரான்சுவா ஓடூஸ் என்பவருடையது. நாலைந்து மணி நேரம் முன்னால் கார்க்கை எடுத்துவிட்டு, டிகாண்டர் எதுவும் இல்லாமல், பாட்டிலை அப்படியே குளிர்ந்த இடத்தில் நிற்க வைப்பது. பாட்டில் கழுத்தில் காற்று படும் இடம் ஒரு ரூபாய்க் காசு அகலம்கூட இல்லை, அதனால் ஒயின் சோர்ந்துபோகாது. ஆனால் இருபது முப்பது வருடம் அடைபட்டிருந்த மக்கிய வாசனை மட்டும் மெதுவாக வெளியே போகும். பெய்னோ பக்கம் இருப்பவர்கள் அவ்வளவு சின்னத் துளை வழியாக ஒன்றும் நடக்காது என்பார்கள். நான்காவது, திறந்து நேராக ஊற்றுவது, எதுவும் செய்யாமல்.

நான் எடுத்த முடிவு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். இரண்டு மணி நேரம் முன்னால் திறப்பது, உடனே ஒரு ஸ்பூன் அளவு ஊற்றி மோந்து, ருசி பார்த்து, அதற்குப் பிறகுதான் காற்றைப் பற்றி முடிவெடுப்பது. முதல் மடக்கு 2012 மாதிரி இறுக்கமாக இருந்தால் டிகாண்டர். மென்மையாக, வாசனையோடு இருந்தால் பாட்டிலிலேயே விட்டு, நேராகக் கிளாஸில். ருசி பார்க்காமல் எந்தப் பழைய பாட்டிலுக்கும் "இத்தனை மணி நேரம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நான் அப்படிச் சொன்னவன்.

கார்க் திறப்பான் விஷயமும் இருக்கிறது. சாதாரணத் திருகு கம்பி 20 வருடக் கார்க்கின் நடுவில் இறங்கினால் கார்க் பாதியில் முறிந்துவிடும் வாய்ப்பு அதிகம். இரண்டு தட்டையான கம்பி உள்ள ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது, ஆ-சோ என்று பேர். நீளமான கம்பியை முதலில் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சொருகி, அப்புறம் குட்டையானதைச் சொருகி, இப்படியும் அப்படியும் மெதுவாக ஆட்டி இறக்கி, கடைசியில் திருகிக்கொண்டே இழுக்க வேண்டும். காலி பாட்டிலில் பழைய கார்க்கை அடைத்து இரண்டு முறை பழகிவிட்டுத்தான் தொட்டேன். அவசரப்பட்டு அழுத்தினால் கார்க் உள்ளே போய்விடும்.

கிளாஸ் நாலு, வயிறு அகலமாக, வாய் குறுகலாக உள்ளது வாங்கினோம். எவர்சில்வர் டம்ளரில் காபிக்கு இருக்கும் அழகு ஒயினுக்குக் கிடைக்காது, நிறமும் தெரியாது வாசனையும் நிற்காது. 750 மில்லியில் மண்டியோடு அடியில் விடுவது போக நாலு பேருக்கு ஆளுக்கு 170 மில்லி வரும். ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டால் ஆளுக்கு நாலு மடக்கு, முதல் மடக்கிலிருந்து கடைசி மடக்கு வரை ஒயின் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் சந்தோஷமே இல்லாமல் போகும். அதனால் நைனா, அம்மா, அக்கா, நான். மாமா அன்றைக்கு மாலை போட்டிருந்தார்.

சாப்பாட்டில்தான் பெரிய பேச்சு. கரிநாள் என்றால் ஆம்பூர் பிரியாணி, சீரகச் சம்பா, காய்ந்த மிளகாய் அரைத்த விழுது, கூடக் கத்தரிக்காய் தொக்கு. அதை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசில்லை, எனக்கும் இல்லை. ஆனால் மிளகாயின் எரிச்சல் ஆல்கஹாலைத் தூக்கிக் காட்டும், துவர்ப்பையும் கூட்டும், பழைய ஒயினின் மெல்லிய ருசிகளை நாக்கு உணரவே உணராது. டஸ்கனியில் இதற்குத் தணலில் சுட்ட மாட்டிறைச்சி, உப்பு மட்டும். எங்கள் வீட்டில் ஆடுதான். பெப்பர் வறுவல் என்று ஒரு யோசனை வந்தது, மிளகு அதிகமானாலும் அதே பிரச்சினை. கடைசியில் மட்டன் சாப்ஸை உப்பு, பூண்டு, ரொம்பக் கொஞ்சம் மிளகோடு நெய்யில் மெதுவாக வேகவைத்து வறுப்பது என்று ஆயிற்று. "ஏன்டா, மிளகாய் இல்லாம கறியா?" என்று அம்மா இரண்டு முறை கேட்டார். "இன்னைக்கு மட்டும்மா, பிரியாணி அப்புறம் சாப்பிடலாம்" என்றேன். அம்மாவாகச் சேர்த்த ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை: இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை நீளமாக அரிந்து, உப்பு மட்டும் போட்டு எண்ணெயில் வதக்கி வைத்தார். அதன் சதைப்பற்றும் லேசான கசப்பும் ஒயினோடு சேர்ந்தது போல மட்டன்கூடச் சேரவில்லை. ஆற்காடு மக்கன் பேடா வாங்கி வைத்திருந்தோம், அதைக் கிளாஸ் காலியான பிறகுதான் எடுத்தோம், இனிப்புக்கு மேல் ரெட் ஒயின் குடித்தால் வெறும் புளிப்பாகத் தெரியும்.

பாட்டிலைப் போகி அன்றே நிமிர்த்தி வைத்தேன். கரிநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஃப்ரிட்ஜிலிருந்து அசைக்காமல் எடுத்துத் திறந்தோம். கார்க் முழுசாக வந்தது, அடியில் மட்டும் கருஞ்சிவப்பு, மற்றபடி காய்ந்திருந்தது. முதலில் கார்க்கை மோந்தேன். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் அது டிசிஏ என்ற கார்க் கோளாறு, எந்தக் காற்றாலும் சரியாகாது. அது இல்லை. ஒரு ஸ்பூன் ஊற்றிப் பார்த்தால் வாசனை தூசியாக, பூட்டிய பீரோவைத் திறந்த மாதிரி. வாயில் வைத்தால் துவர்ப்பு இருக்கிறது, ஆனால் பிடித்து இழுக்கவில்லை. டிகாண்டரை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

ஏழு மணிக்குச் சமையல் தெர்மாமீட்டரில் 16 காட்டியது. அக்கா செல்போன் டார்ச்சைக் கழுத்துக்குப் பின்னால் பிடிக்க, நான் ஒரே சாய்வில், பாட்டிலை நடுவில் நிமிர்த்தாமல் நாலு கிளாஸையும் நிரப்பினேன், கறுப்புக் கோடு போல மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். நிமிர்த்தி நிமிர்த்தி ஊற்றினால் ஒவ்வொரு முறையும் மண்டி கலங்கும். அதனால் மறு ஊற்று கிடையாது, கொடுத்ததை வைத்து இரண்டு மணி நேரம்.

வேட்டி மேல் சாய்த்துப் பார்த்தால் நடுவில் மாதுளை முத்துச் சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம். பீரோ வாசனை பத்து நிமிடத்தில் போய்விட்டது. ஏழே காலுக்கு உலர்ந்த அத்திப்பழம், டீத்தூள். அப்புறம் அக்கா சொன்னாள், "பீடி இலை கட்டு வாசனை வருதுடா." குடியாத்தத்தில் அவள் மாமியார் வீட்டுத் தெருவில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள், அவளுக்குத் தெரியாதா. வெளிநாட்டு ஒயின்காரர்கள் புகையிலை, தோல், ஈர மண், காளான் என்று எழுதுவதை எல்லாம் படித்து, நமக்கு அவர்கள் சொல்லும் செர்ரி தெரியாதே, பிளாக்பெர்ரி தெரியாதே என்று தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: முதிர்ந்த ரெட் ஒயினுக்கு வேண்டிய வாசனைகள் பெரும்பாலும் நம் ஊரிலேயே இருக்கின்றன. ராணிப்பேட்டை, ஆம்பூர், பேர்ணாம்பட்டு என்று சுற்றியவனுக்குத் தோல் வாசனையை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஏழே முக்காலுக்கு அது உச்சத்துக்கு வந்தது. நைனா கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கிளாஸுக்குள்ளேயே இருந்தார். ஆரஞ்சுத் தோல் காய்ந்த மாதிரி ஒரு வாசனை, அதற்கு அடியில் பட்டைத் தண்ணீரில் ஊறிய தோல், குழியிலிருந்து எடுத்து நிழலில் காயப் போட்ட இரண்டாம் நாள். வாயில் நாவல்பழம் சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து நாக்கில் மிச்சமிருக்கும் துவர்ப்பு அளவுதான், புளிப்பு உயிரோடு இருந்தது, விழுங்கிய பிறகும் வாசனை தொண்டையிலிருந்து மூக்குக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. அம்மா இரண்டு மடக்கு குடித்துவிட்டு மீதியை நைனாவுக்குக் கொடுத்துவிட்டார், "கஷாயம் மாதிரி இருக்கு, ஆனா நல்ல கஷாயம்" என்றார்.

எட்டே கால் வரை அப்படியே நின்றது. எட்டே முக்காலுக்கு மெலிந்தது, பழம் பின்னால் போய்ப் புளிப்பு முன்னால் வந்தது. கிளாஸில் ஊற்றி இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் நடந்து முடிந்தது. ஐந்து மணிக்கே டிகாண்டரில் ஊற்றியிருந்தால் அந்த ஏழே முக்கால் எங்களுக்குக் கிடைத்திருக்காது. பாட்டிலின் அடியில் விட்ட மண்டியை அக்கா டீ வடிகட்டியில் ஊற்றிப் பார்த்தாள், கறுப்பாக, நைஸாக, காபி டிகாக்‌ஷன் அடிமண்டி மாதிரி. இரண்டு விரலால் தேய்த்து நைனா சொன்னார், "பட்டை எல்லாம் இங்க வந்து படுத்துடுச்சு."

கையில் இப்படி ஒரு பாட்டில் இல்லாமல் பழகிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் பெங்களூர் போகும்போது நந்தி மலைப் பக்கம் குரோவர் ஸாம்பாவின் லா ரெசர்வ் போல ஐந்தாறு வருடம் ஆன ஒன்றை அங்கேயே குடித்துப் பாருங்கள், எல்லை தாண்டிக் கொண்டுவராதீர்கள், அதில் சட்டச் சிக்கல் இருக்கிறது. 20 வருட வாசனை அதில் வராது. ஆனால் ஊற்றிய உடனே ஒன்று, அரை மணி கழித்து ஒன்று, ஒன்றரை மணி கழித்து ஒன்று என்று மூன்று முறை மோந்து பார்த்தால் காற்று என்ன செய்கிறது என்று கைக்கு வந்துவிடும்.

கிளாஸ்களை அன்றைக்கு ராத்திரி கழுவ வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தேன். மறுநாள் காலையில் காபிக்கு முன்னால் நைனா ஹாலுக்கு வந்து, அடியில் ஒரு சொட்டுக் காய்ந்திருந்த தன் கிளாஸை எடுத்து மூக்கில் வைத்தார். என்னைக் கூப்பிட்டார். "இப்பதான்டா வந்திருக்கு," என்றார், "மெட்ராஸ் வால்டாக்ஸ் ரோடு குடோன்ல லோடு இறக்கற வாசனை." வாங்கி மோந்தேன். தோல்தான், வேறு எதுவும் கலக்காத தோல்.